சரிகையை மட்டும் பிடித்த லென்ஸ்

ஹட்டன் சுதாகரனிடம் ஒரு லென்ஸ் இருக்கிறதாம். அதை மாட்டிப் படம் எடுத்தால் பின்னால் நிற்கிற சொந்தக்காரர்கள் மறைந்துபோய்விடுவார்களாம். வலப்பனைச் சந்தையில் மரக்கறி விற்கும் ஒருத்தி தன் நாத்தனாரிடம் சொன்ன செய்தி இது. நாத்தனார் பஸ் கண்டக்டரான தன் புருஷனிடம் சொல்ல, அவர் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய கையோடு தேநீர்க் கடையில் அதை அவிழ்த்துவிட்டார்.

"பங்காளிங்க பத்துப் பேரு நின்ன போட்டோவாம். பிரிண்டு போட்டு வந்தா ஒரு ஆளு இல்லையாம். பூசணிக்கா மாதிரி உருண்டை உருண்டையா நிக்குதாம். நான் பாக்கல, பாத்தவங்க சொன்னத எங்க வீட்ல சொன்னுச்சு."

"அப்ப நம்ம மகளோட சடங்குக்கும் அவரையே கூப்புடுவோம்" என்றார் கடைக்காரர். "எங்க பெரியப்பா மகனுங்கள வரிசையா பின்னாடி நிறுத்திப்புடலாம்."

வதந்தி என்றால் கூட்டிச் சொல்லும். இது குறைத்துச் சொன்ன வதந்தி. சுதாகரனின் படங்களில் பின்னால் நிற்பவர்கள் மட்டுமல்ல, முன்னால் நிற்பவர்களும் பல சமயம் இருப்பதில்லை.

சுதாகரன் பிறந்தது நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாம் லயத்தில். அப்பாவுக்கு ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மகன் மலையிலும் ஏறக் கூடாது, அந்த மாடியிலும் ஏறக் கூடாது என்று அவர் நினைத்தார். மகனும் அதற்குத் தன்னாலான ஒத்துழைப்பைக் கொடுத்து, சாதாரண தரப் பரீட்சையில் கணக்கை இரண்டு முறை கோட்டைவிட்டு, ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் ஃப்ளாஷ் பிடிக்கப் போனார். பிறகு சொந்தமாகக் கடை போட்டார். கட்டிய மனைவியின் பெயரில் 'பூரணி டிஜிட்டல்'. பெயர் மட்டுமல்ல, கடையும் பூரணியுடையதுதான். பாஸ்போர்ட் படம், போட்டோகொப்பி, லெமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம் என்று காலை எட்டு மணியிலிருந்து கவுண்டரில் நிற்பவள் அவள். சுதாகரன் கல்யாண வீடுகளுக்குப் போய் வருவார்.

ஒரு காலத்தில் அவர் நல்ல போட்டோகாரர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எட்டில் வை, ஃப்ளாஷ் போடு, சிரிக்கச் சொல்லு, அவ்வளவுதான் தொழில். எட்டு என்பது லென்ஸின் துளையைச் சிறிதாக்கும் எண். துளை சிறிதானால் முன்வரிசையில் மூக்கு நோண்டும் சின்னவனிலிருந்து பின்வரிசைப் பெரியப்பா வரைக்கும் எல்லாரும் தெளிவாக விழுவார்கள். பெரியப்பாவுக்குப் பின்னால் சுவரில் கிழிந்து தொங்கும் போன தேர்தல் போஸ்டரும் தெளிவாக விழும். மலைநாட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் குடும்பம் குடும்பமாக மேடையேறிப் பரிசைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை பெண்ணோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாவிட்டால், அந்தக் குடும்பம் கல்யாணத்துக்கு வந்ததாகவே கணக்கில்லை. பதினைந்து வருஷம் சுதாகரன் யாரையும் கணக்கிலிருந்து விடவில்லை.

அப்புறம் கொரோனா வந்தது. ஊரடங்கில் பலருக்குப் பல வியாதி. சுதாகரனுக்கு யூடியூப். போதாததற்கு றமணன் மாஸ்டர். சாவகச்சேரியில் பிறந்து ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்கும் இந்த மனிதரிடம் கெமரா கிடையாது. கெமராவைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமே கிடையாது.

"ஓட்டோ ஃபோகஸ் எண்டது சோம்பேறியளுக்குச் செய்த சாமான், சுதா" என்றார் ஒருநாள், கடை வாசலில் பூரணி ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயை ஊதிக்கொண்டே. "மெசின் தேடிப் பிடிச்சுத் தந்தால் நீர் என்னத்துக்கு? கையாலை வளையத்தைத் திருப்பி, கண்ணாலை பாத்து எடுக்கிறவன்தான் கலைஞன். நீர் கலைஞனோ, பட்டனோ?"

பதினைந்து வருஷமாகத் தன்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்பது சுதாகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கலைஞனாக முடிவு செய்தார்.

லென்ஸ் நுவரெலியாவில் கிடைத்தது. ஹோட்டலாக மாற்றுவதற்காகக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பழைய பங்களாவின் சாமான் அறையில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குக் கீழே கிடந்த தோல் பெட்டி. பெயர் தேய்ந்துபோன ஜப்பான் லென்ஸ், ஐம்பது வருஷமாவது இருக்கும். அம்மிக் குழவியின் தம்பி மாதிரிக் கனம். உள்ளே வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போலப் பூஞ்சணம்.

"உது பூஞ்சணம் இல்லை. உதுதான் இந்த லென்ஸின்ரை குணம்" என்று றமணன் மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். "வெளிச்சம் உதிலை பட்டுச் சிதறேக்கை படத்துக்கு ஒரு ஆன்மா வரும்."

"அப்படின்னா எங்கூட்டு ஐயாவோட சப்பாத்துல ரெண்டு ஆன்மா இருக்குங்க சார். மழக்காலத்துல வந்து பாருங்க" என்றாள் பூரணி, லெமினேட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

லென்ஸைப் புதுக் கெமராவோடு சேர்க்கும் வளையம் சீனாவிலிருந்து ஆறு வாரம் கழித்து வந்தது. மாட்டியதும் கெமரா 'லென்ஸ் இல்லை' என்று திரையில் எழுதிக் காட்டியது. அந்தக் கெமரா லேசுப்பட்டதல்ல. கூட்டத்துக்குள் ஒரு ஆளின் கண்ணைத் தானாகவே தேடிப் பிடித்து, ஆள் ஓடினாலும் விடாமல் துரத்தும். கூடுதல் விலைக்கு வாங்கியதே அதற்காகத்தான். சுதாகரன் மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சொன்னபடி படம் எடு என்று அதற்கு உத்தரவு போட்டார். கண்ணைத் தேடும் மெசினை வாங்கி, அதன் கண்ணைக் கட்டிவிட்டதில் அவருக்கு ஒரு பெருமிதம்.

இந்த லென்ஸை அவர் எட்டில் வைக்கவில்லை. எட்டு கடைக்காரன் வேலை. முழுசாகத் திறந்து ஒன்று புள்ளி இரண்டில் வைத்தார். அந்த எண்ணில் தெளிவாக விழும் இடத்தின் ஆழம் விரல்கடைகூட இருக்காது. கண் தெளிவென்றால் காது மங்கல். பெண் தெளிவென்றால் மாப்பிள்ளை ஆவி. அப்படியொரு நூலிழையைக் கையால் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

பிடிக்கிறவருக்கோ வயது நாற்பத்தேழு. சாப்பாட்டுக் கடை பில்லைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிற வயது. கண்ணாடி போடுங்கள் என்று பூரணி சொன்னபோதெல்லாம், போட்டோகாரன் கண்ணாடி போட்டால் எவன் கூப்பிடுவான் என்றார்.

"கண்ணாடி போட்டா கெமரா கோவிச்சுக்குமா?"

"ஒனக்கு இது வெளங்காது. கெமராவே காட்டிக் குடுக்கும்."

கெமரா காட்டிக் கொடுக்கத்தான் செய்தது. எந்த இடம் தெளிவாக இருக்கிறதென்று அதற்குத் தோன்றுகிறதோ, அந்த இடத்தின் விளிம்பில் சிவப்புப் பொட்டுகளை ஓடவிடும். இதில் ஒரு சின்னச் சிக்கல். மெசினுக்குத் தெளிவென்றால் விளிம்பு. இருட்டும் வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் எந்த இடத்திலும் அது சிவப்புப் பொட்டைக் கொட்டும். கூறைச் சேலையின் சரிகையை, மல்லிகை மாலையை, குத்துவிளக்கின் விளிம்பைக் கண்டால் அதற்குக் கொண்டாட்டம். மூன்று அடுக்கு மேக்கப் போட்ட மணப்பெண்ணின் முகத்தில் விளிம்பு ஏது? நிலா மாதிரி வழவழவென்று இருக்கும், பொட்டு அங்கே போகாது. ஒரு பட்டனை அழுத்திக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்பினால் இந்த மோசம் நடக்காது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தாலும் பார்க்கிறவனுக்குக் கிட்டத்தில் இருப்பது தெரிய வேண்டுமே. சுதாகரன் சிவப்புப் பொட்டை நம்பினார். இரண்டு வருஷம் மலைநாட்டுச் சரிகை ஒவ்வொன்றும் இழை இழையாகத் தெரியும்படி படமெடுத்தார்.

ஊர் முதலில் மிரண்டது. அப்புறம் பழகிக்கொண்டது. குடும்பப் படத்தில் யாராவது ஒருவர்தான் தெளிவாக விழுவார் என்றானதும், அந்த ஒருவர் யார் என்பதில் ஒரு மரியாதை வந்தது. கொட்டகலையில் ஒரு வீட்டில் மூத்த மருமகள் தெளிவாகவும் இளைய மருமகள் மங்கலாகவும் விழுந்ததில் இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. போட்டோகாரரைக் கையில் போட்டுக்கொண்டாள் என்றாள் இளையவள். உண்மையில் மூத்தவளுடைய சேலையின் கரை கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் சர்மிளாவின் கல்யாணம் வந்தது.

சர்மிளா நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி டீச்சர். மாப்பிள்ளை ஜீவராஜ் அடுத்த தோட்டத்துப் பையன், நியூசிலாந்தில் மாட்டுப் பண்ணையில் வேலை. மூன்று வாரம் லீவில் வந்து தாலி கட்டினான். தை மாதம், நல்ல வெயில், கோயில் மண்டபம் நிறையச் சனம். தாலி கட்டுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் சுதாகரன் மைக்கைப் பிடித்தார். இதையும் யூடியூப்தான் கற்றுக் கொடுத்திருந்தது.

"அன்பான சொந்தங்களே, தயவு செய்து யாரும் மொபைல்ல போட்டோ எடுக்காதீங்க. எல்லாரும் போன தூக்கிப் புடிச்சா நம்ம படத்துல கையும் போனும்தான் விழும். இந்தக் கல்யாணத்தோட நினைவ எங்கிட்ட ஒப்படைச்சிடுங்க. நான் பாத்துக்கிறேன்."

சனம் ஒப்படைத்தது. மாப்பிள்ளையின் தாய் பேச்சியம்மா, யாராவது போனைத் தூக்குகிறார்களா என்று மண்டபம் முழுக்கச் சுற்றிக் காவல் பார்த்தாள். முப்பது வருஷம் கொழுந்து பறித்த கையால் இரண்டு பேரின் போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் ஜீவராஜ் பிளேன் ஏறினான். அதற்குப் பிறகு அவர்கள் குடும்பம் நடத்தியது வட்ஸ்அப்பில். சர்மிளா போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்கு ஃபைல் போட்டாகிவிட்டது. ஆடி மாதம் கொழும்பு விசா ஆபீஸிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. வரும்போது கொண்டுவர வேண்டியவற்றில் ஒன்று: தம்பதி இரு வீட்டாரோடும் இருக்கும், முகங்கள் அடையாளம் தெரியக்கூடிய திருமணப் படங்கள் பத்து.

சர்மிளா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அண்ணே, மூஞ்சி தெரியிற படமாப் பத்து எடுத்துக் குடுங்க."

"எல்லாத்துலயும் மூஞ்சி தெரியுதே தங்கச்சி."

"எங்கண்ணே தெரியுது? ஜிமிக்கி தெரியுது. மால தெரியுது. இந்தா, இதுல தாலி கட்றாரு, அவரு வெரலு தெரியுது. அவரத்தான் காணோம்." ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "இது யாருண்ணே?"

சுதாகரன் ஆல்பத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஒங்க அப்பா."

"எங்கப்பா இந்தப் பக்கம் நிக்கிறாரு. அது வாழ மரம்."

கவுண்டரில் பூரணி தும்மினாள். தும்மல்தானா என்று சுதாகரன் திரும்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு ஃபீல் இருக்கு தங்கச்சி. சும்மா ரோட்டுல எடுக்கிற மாதிரி இல்ல."

"ஃபீல் இருக்குண்ணே. ஆளுங்கதான் இல்ல." அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, மத்தவங்க போன்ல ஒரு படம் கெடையாது. நீங்கதான் வேணாம்னு சொன்னீங்க. இத வச்சுத்தான் நாங்க நெசமாவே கல்யாணம் கட்டுனோம்னு அவங்க நம்பணும். நம்பலன்னா நான் இங்க, அவரு அங்க. எத்தன வருசம்னு யாருக்குத் தெரியும்?"

"வெள்ளிக்கெழம வா" என்றார் சுதாகரன்.

அன்று மத்தியானம் பூரணி சாப்பிடப் போன நேரத்தில் அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தக் கல்யாணத்தின் இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களையும் திறந்தார். கவுண்டரில் பூரணியின் படிக்கிற கண்ணாடி கிடந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எடுத்து மாட்டிக்கொண்டார். தன்னுடைய இரண்டு வருஷத்து வேலையை அவர் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

சரிகை அருமையாக இருந்தது. இழை எண்ணலாம். அதற்கு மேலே கழுத்துக்கு மேல் எல்லாம் சாம்பாரில் கரைந்த பருப்பு. படத்துக்குப் படம் போனார். குத்துவிளக்கின் திரி தெளிவு, பெண்ணின் அப்பா பழுப்புக் கோடு. மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் நின்ற படத்தில், பின்னால் ஏணியில் நின்று லவுட்ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருவன்தான் அச்சுப் போட்ட மாதிரித் தெரிந்தான். ஐம்பது அறுபது படங்களுக்குப் பிறகு சுதாகரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கழற்றியதும் படங்கள் கொஞ்சம் நன்றாகத் தெரிந்தன.

அப்போதும் ஒரு வழி இருந்தது. சர்மிளாவைக் கூப்பிட்டு, தங்கச்சி, தப்பு நடந்துபோச்சு, எடுத்ததை எடுத்தபடி தருகிறேன், என் தப்புத்தான் என்று ஒரு கடிதமும் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஆண்பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை, மனுசனாக இருந்தால் போதும். சுதாகரன் கலைஞனாக இருந்தார். போனில் ஒரு செயலியை இறக்கினார்.

மங்கிய முகத்தைக் கொடுத்தால் தெளிவாக்கித் தரும் செயலி அது. எங்கிருந்து தெளிவு வருகிறதென்று அது சொல்லாது, நாமும் கேட்பதில்லை. கொடுத்த முகத்தில் கண் எங்கேயென்று தெரியாவிட்டால் அதுவே ஒரு கண்ணை வைக்கும். மூக்கில்லாத இடத்தில் மூக்கு வைக்கும். அரை நிமிஷத்தில் பேச்சியம்மாவுக்குப் பூனைக் கண்ணும், முத்து மாதிரி முழு வரிசைப் பல்லும் முளைத்தன. பேச்சியம்மாவுக்கு முன்பல் இரண்டு போய்ப் பத்து வருஷம். மூக்கோரத்து மச்சத்தைத் தூசியென்று நினைத்து அது துடைத்துவிட்டது. சர்மிளாவின் அப்பாவுக்கு ஒரு மீசை. ஜீவராஜின் தாடையில், சின்ன வயதில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு ஒன்று உண்டு. இப்போது அந்தத் தாடை ஷேவிங் கிரீம் விளம்பரத்துக்குப் போகலாம்.

வெள்ளிக்கிழமை சர்மிளா மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பத்துப் படங்களையும் கவுண்டரில் வரிசையாகப் பரப்பினார்கள். சர்மிளா நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணே... இது அத்தையா?"

"வேற யாரு? லைட்டிங் அப்படி."

"அவருக்குத் தழும்பக் காணோமே?"

"அந்தப் பக்கம் நெழலு விழுந்திருக்கு."

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பேச்சியம்மா படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா பாரு புள்ள, இப்பத்தான் என் மூஞ்சி என் மூஞ்சி மாதிரி இருக்கு! அந்த ஐடென்டிட்டி கார்ட்ல எடுத்தவன் என்னய பொலீஸ் தேடுற கள்ளி மாதிரில்ல எடுத்து வச்சிருக்கான். தம்பி, இதப் பெருசாக்கி ஃபிரேமு போட்டுக் குடுங்க. சாமிப் படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்."

"அத்தே, சாமிக்கே அடையாளம் தெரியாது" என்றாள் சர்மிளா மெதுவாக.

"பொறாம புடிச்சவளே."

மாமியார் ஒப்புக்கொண்ட முகத்தை மருமகள் எப்படி மறுப்பாள்? ஃபைலைத் தயார் செய்யும் கொழும்பு ஏஜென்டு கேட்டிருந்த ஒரு கடிதத்தை அவள் எடுத்து நீட்டினாள். 'இப்படங்கள் என்னால் எடுக்கப்பட்டவை. இவற்றில் எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை.' சுதாகரன் அதைக் கையை நீட்டிப் பிடித்து இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, 'பூரணி டிஜிட்டல்' சீலை ஊதி ஊதிக் குத்தினார்.

நேர்முகம் அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. சர்மிளா முதல்நாளே கொழும்புக்குப் போய்ச் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்து, பேச்சியம்மாவின் ஃபிரேமைத் துடைத்துக் கவுண்டரில் சாய்த்து வைத்தபோதுதான் பூரணிக்குக் கண்ணில் பட்டது. அந்த ஃபைலுக்காகக் குடும்பத்து அடையாள அட்டைகளைக் கொப்பி எடுத்தபோது கோணலாக விழுந்த ஒரு தாள் தட்டில் கிடந்தது. பேச்சியம்மாவுடையது. பூரணி அதை எடுத்து ஃபிரேமுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"என்னங்க. இங்க வாங்க."

"என்னா?"

"இந்தப் பொம்பளையும் இந்தப் பொம்பளையும் ஒரே ஆளா?"

சுதாகரன் பார்க்கவில்லை. பார்க்காமலே, "எடிட்டிங் எல்லாரும்தான் பண்றாங்க" என்றார்.

"எடிட்டிங்கா?" அவள் குரல் இறங்கியது. குரல் ஏறினால் பரவாயில்லை, இறங்கினால்தான் பயம். "அந்த லெட்டர்ல என்னா எழுதியிருந்துச்சு? எந்த மாத்தமும் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எம் பேருல சீல் குத்தியிருக்கீங்க. தெனமும் இருபது மூஞ்சி பாக்குறவ நான், எனக்கே தெரியுது. அங்க உக்காந்திருக்கிறவன் தெனமும் இருநூறு மூஞ்சி பாக்குறவன். பாஸ்போர்ட்டப் பக்கத்துல வச்சுப் பாப்பான். மாப்பிள்ளயே வேற ஆளுன்னு சொல்லிப்புட்டா? பொய் ஃபைலுன்னு எழுதிட்டா அந்தப் பொண்ணு வருசக்கணக்குல திரும்பக் கேக்கவே ஏலாது. மங்கலான படத்தக் குடுத்திருந்தாக்கூட, மங்கல்னு சொல்லித் திருப்பிக் கேட்டிருப்பான். அது குத்தமில்ல. இது குத்தம்."

மணி எட்டே முக்கால்.

சுதாகரன் முதலில் செய்தது றமணன் மாஸ்டருக்குப் போன் போட்டது. மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"உண்மை எண்டது என்ன, சுதா? கெமரா எண்டாலே பொய்தானே. ஒன்று புள்ளி இரண்டும் பொய்தான், எட்டும் பொய்தான்..."

"சார், அது சரிங்க. இப்ப என்னா செய்யிறது?"

"உதை நீர்தான் யோசிக்க வேணும். எனக்குப் பாடம் இருக்கு. மற்றது, என்ரை பேரை உதுக்கை இழுக்காதையும்."

வைத்துவிட்டார். இரண்டு வருஷத்தில் மாஸ்டர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது அன்றுதான்.

"அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க" என்றாள் பூரணி. "படத்த உள்ள குடுத்துடாதேன்னு சொல்லுங்க. நெசமான படத்த வட்ஸ்அப்ல அனுப்புங்க. கொழும்புல பிரிண்ட் போட எடமா இல்ல? தப்பு எம்மேலன்னு ஒரு லெட்டரும் அனுப்புங்க. சீலோட."

சுதாகரன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். 'பழைமை வாய்ந்த லென்ஸின் விசேட தன்மை காரணமாக' என்று ஆரம்பித்தார்.

"லென்ஸு தானா நடந்து போயிக் கல்யாணத்துல படம் எடுத்துச்சா?" பூரணி பின்னால் நின்றாள்.

அழித்தார். 'அன்றைய தினம் நோர்வூட்டில் நிலவிய பனிமூட்டம் காரணமாக' என்று எழுதினார்.

"அந்தக் கல்யாணத்துக்கு வந்த எங்கம்மா வெயில்ல மயங்கி விழுந்துச்சு அன்னிக்கி. சோடா வாங்கிட்டு வந்தது நீங்க."

அதையும் அழித்தார். வெளியே தலவாக்கலை பஸ் ஹோர்னை அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு கிழவர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து, யாரும் சொல்லாமலே உள்ளே போய் விளக்குக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, நாடியை நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"எழுதுங்க" என்றாள் பூரணி. இந்தத் தடவை குத்தல் இல்லை. "கிட்டத்துல கண்ணு தெரியலன்னு எழுதுங்க. வெறும் வெள்ளெழுத்துங்க. நாட்டுல பாதிப் பேருக்கு இருக்கு."

அவள் கழற்றி நீட்டிய கண்ணாடியை, கிழவர் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சுதாகரன் வாங்கி மாட்டிக்கொண்டார். கெமராவின் ஓட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டுத் தான் கையால் ஃபோகஸ் செய்ததையும், தன் கண் சரியில்லாததால் முகங்கள் ஃபோகஸில் விழவில்லை என்பதையும், அதை மறைக்கத் தானே முகங்களை மாற்றியதையும், பெண் வீட்டாருக்கோ மாப்பிள்ளை வீட்டாருக்கோ அது தெரியாது என்பதையும் எழுதினார். நாலே வரி வந்தது. ஒன்று புள்ளி இரண்டைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று விரல் துடித்தது. பூரணி பிரிண்டரில் தாளை வைத்தாள். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, படம் பிடித்து, மங்கலான பத்துப் படங்களோடும் சேர்த்து அனுப்பினார்கள். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை.

"டேட்டா ஆஃப் பண்ணி வச்சிருக்கும். கோல் எடுங்க."

மணி ஒன்பது நாற்பது. ஆபீஸ் வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வாங்கி வைப்பதற்கு முன்னால் வரிசையில் நிற்பாள். வரிசை நீளமாக இருக்க வேண்டும் என்று சுதாகரன் வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டிக்கொண்டார்.

மணி போயிற்று. முழுக்கப் போய்த் தானாகவே நின்றது.

"திரும்ப எடுங்க."

"சத்தத்த நிறுத்தி வச்சிருக்குமோ?"

"எடுங்கன்னா!"

"மகன், போட்டோ?" என்றார் உள்ளேயிருந்து கிழவர், நாடியை இறக்காமல்.

"இருங்க ஐயா, கொஞ்சம் இருங்க" என்றாள் பூரணி.

சுதாகரன் மறுபடியும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்ற மறந்துபோயிருந்தார். சர்மிளா எடுத்ததும் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்தார். தங்கச்சி என்று ஆரம்பிப்பதா, குடுத்துடாதே என்று ஆரம்பிப்பதா? குடுத்துடாதே என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், தங்கச்சி அப்புறம்.

கொழும்பில் எங்கேயோ மணி அடித்துக்கொண்டிருந்தது.